உங்கள் போஸ்டரின் அடியில் என் பெயர் இருக்கிறது

மதுரை மாவட்டத்தில் கட்சி நடத்தும் மாவட்டச் செயலாளர்கள், பகுதிச் செயலாளர்கள், ஒன்றியச் செயலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கட்சி வாரியாகப் பிரித்து ஆளுக்கொரு கடிதம் எழுத எனக்கு நேரமில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை பத்துத் தொகுதி. அந்தப் பத்திலும் உங்களில் பாதிப் பேருக்காவது என் முகம் தெரியும். மாசி வீதிக்கு உள்ளே ஒரு சந்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ட்ரெடில் மிஷின், ஈய எழுத்து, இரண்டு கம்பாசிட்டர்கள். இப்போது ஒரு ஆஃப்செட், வெளியே கொடுத்து வாங்கும் ஃப்ளெக்ஸ், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு டிசைனர் தம்பி. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பில் புக். அப்புறம் நீங்கள்.

தேர்தல் வந்துவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ என்று ஒன்று எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கும் தெரியும். போஸ்டரோ நோட்டீசோ, வெளியிடுகிறவர் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்ட தாள் கைக்கு வந்த பிறகுதான் மிஷினை ஓட்ட வேண்டும். அடியில் வெளியிட்டவர் பெயரும் அச்சடித்தவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆக, நீங்கள் சுவரில் சொல்வதற்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில், நானும் நின்றுகொண்டிருக்கிறேன். மேலே என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் வளையல் விஷயம்.

உங்களில் ஒருவர், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, ஒரு நோட்டீசுக்கு மேட்டர் கொடுத்துவிட்டிருந்தார். எதிர்க்கட்சிக்காரருக்கு வளையல் அனுப்பும் போராட்டம். தலைப்பில் "ஆண்மை இருந்தால் பதில் சொல்". நடுவில் ஒரு டஜன் வளையல் படம் போடச் சொல்லியிருந்தார். டிசைனர் தம்பியும் நல்ல சிவப்பாகத் தேடிப் போட்டுக்கொடுத்தார். ஆயிரம் நோட்டீஸ் ஓடி முடிந்து மடிப்புக்கு வந்தது. எங்கள் கடையில் மடிப்பதும் அடுக்குவதும் இரண்டு அக்காமார். முப்பது வருடமாகக் காகிதம் மடித்த கைகள். இரண்டு பேர் கையிலும் கண்ணாடி வளையல். அதில் மூத்தவர் ஒரு நோட்டீசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க வளையலு இவுகளை என்னண்ணே செஞ்சுச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சும்மாதான் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது, நீங்கள் வினியோகித்தீர்கள், இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குச் சேலை அனுப்பும் போராட்டம். அதற்கும் நோட்டீஸ் நான்தான் அடித்தேன்.

இந்த ஊரில் மாநகராட்சிக் கவுன்சிலராக இருந்த ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். வில்லாபுரம் லீலாவதி. தன் வார்டு மக்களுக்குத் தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும் என்று நின்றவர், அடாவடிக்காரர்களை எதிர்த்தவர். 1997 ஏப்ரல் 23ஆம் தேதி பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவர் கையிலும் வளையல் இருந்திருக்கும். வெட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். "ஆண்மை" என்ற சொல்லைத் தலைப்பில் போடச் சொல்லி நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வருகிறது. பிளேட் போடுகிற அவசரத்தில் மறந்தும் போகிறது.

வேறு ஊர் என்றால்கூட விட்டுவிடலாம். நாம் இருப்பது மதுரை. புதிதாகக் கல்யாணமானவனைப் பார்த்து "வீட்டில் சிதம்பரமா, மதுரையா?" என்று தமிழ்நாடே கேலி பேசுகிறது. பெண்சாதி கை ஓங்கிய வீடு என்றால் அதற்கு நம் ஊர் பெயர். சித்திரைத் திருவிழா எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டம் கட்டிச் செங்கோல் கொடுக்கிறோம், மறுநாள் அவள் திக்விஜயம் கிளம்பி எட்டுத் திசையையும் ஜெயிக்கிறாள். மலையத்துவச பாண்டியன் அவளை இளவரசனை வளர்ப்பதுபோல வாளும் குதிரையும் பழக்கித்தான் வளர்த்தான் என்பது கதை. அந்தத் திருவிழாவுக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் எல்லாக் கட்சியும் வைக்கிறீர்கள். அடுத்த வாரம் வந்து வளையல் படம் கேட்கிறீர்கள்.

இதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துவிடுகிறேன். நோட்டீசில் எழுத மாட்டீர்கள், மேடையில் பேசுவீர்கள். எதிராளியின் நடையைப் பற்றி, குரலைப் பற்றி, அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதைப் பற்றி. "ஒம்போது" என்று ஒரு சொல். கூட்டம் விசிலடிக்கும். அந்தக் கூட்டத்தில் அந்த வசவைப் பள்ளிக்கூடத்தில் தினமும் கேட்டு வளர்ந்த ஒரு பையன் உங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கூடச் சேர்ந்து அவனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் இல்லையா.

பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று நினைத்தேன், வேண்டாம். அதில் என் பிழைப்பு நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மகள் வயதுக்கு வந்தபோது, "அப்பா, என் போட்டோவைத் தெருமுனையில் வச்சா நான் பள்ளிக்கூடமே போக மாட்டேன்" என்றாள். வைக்கவில்லை. மற்றவர்கள் மகள்களுக்கு இன்றைக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அடித்துக்கொடுக்கிறேன், உங்கள் படங்களை மேலே வரிசையாகப் போட்டு.

சரி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். முப்பதைத் தாண்டிய வயது. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள், புதுமனை புகுவிழாவுக்கு 60 கார்டு வேண்டும். சிவகாசியிலிருந்து வரும் கார்டுகளில் விநாயகர் போட்ட மாடல் ஒன்றை எடுத்தார்கள். பேரம் பேசவில்லை. மதுரையில் பேரம் பேசாத கஸ்டமரைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். மேட்டரை அழகான கையெழுத்தில் எழுதியே கொண்டு வந்திருந்தார்கள். கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, அவர்கள் இருவர் பெயர் மட்டும்.

"அம்மா அப்பா பேரு விட்டுப்போச்சேம்மா?"

"அவங்க வர மாட்டாங்கண்ணே."

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்தான் சொன்னார். "இல்லண்ணே. சேந்து இருக்கோம். பதினோரு வருசமா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பேனாவை மூடி வைத்தேன். "மிஷின் ரிப்பேரும்மா, பத்து நாளாகும்" என்றேன். பின்னால் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உங்களில் ஒருவருடைய பிறந்தநாள் போஸ்டர். அந்தச் சத்தத்தில் நான் கொஞ்சம் கத்தித்தான் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது. "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, எடுத்த கார்டை அது இருந்த அடுக்கிலேயே, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலான கஸ்டமர்கள் அப்படி வைக்க மாட்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன், என்னவோ சாமர்த்தியமாகத் தப்பித்த மாதிரி. என் வீட்டுக்காரம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "மொதப் பொண்டாட்டி உசுரோட இருக்கயிலயே ரெண்டாவது கட்டுனானே, அவனுக்குக் கார்டு அடிச்சீகள்ல? போன வைகாசியில ஒரு புள்ளைக்கு அடிச்சீக. போட்டோவப் பாத்தா பத்தாவது படிக்கிற புள்ள மாதிரி இருக்குன்னு நீகதானே சொன்னீக? அப்பயெல்லாம் மிஷினு நல்லா ஓடுச்சாக்கும்?"

எங்கள் வீட்டில் மதுரை ஆட்சிதான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அவளே நம்பரைத் தேடிப் பேசினாள். "வாட்ஸப்புலயே அனுப்பிட்டோம்க்கா, பரவாயில்ல" என்றார்களாம். பால் காய்ச்சுகிற அன்று அவள் மட்டும் போய்விட்டு வந்தாள். என்னை வா என்று அவளும் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது தாம்பூலப் பை இரண்டு கொண்டு வந்தாள். ஒன்று எனக்கென்று கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்தத் தேங்காயை உடைக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். புரூஃப் பார்க்கிறவனுக்கு எதையும் வரிவரியாகப் படிக்கிற வியாதி உண்டு. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இந்த விஷயத்தில் மதுரைக்கு இருக்கிற பங்கு சென்னைக்குக் குறைந்ததில்லை என்று.

2021ல் இரண்டு இளம்பெண்கள் இந்த ஊரிலிருந்து சென்னைக்குப் போனார்கள். காதல். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே காவல் நிலையத்தில் "பெண்ணைக் காணோம்" என்று புகார். அவர்கள் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். தனக்கு இதைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை, தனக்குள்ளும் முன்முடிவுகள் இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். வயதுக்கு வந்தவர்கள் தாங்களாகவே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் காணாமல் போன புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. "குணப்படுத்துகிறேன்" என்று எந்த வைத்தியரும் கிளம்பக் கூடாது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022ல் தமிழ்நாடு காவல்துறை நடத்தை விதிகளில் 24சி என்று புதிய விதி வந்தது, இவர்களைத் துன்புறுத்தினால் காவலர் மேல் நடவடிக்கை என்று. அதே வருடம் ஆகஸ்டில், எந்தச் சொல்லால் இவர்களை மரியாதையாகக் குறிப்பது என்று அரசிதழிலேயே ஒரு சொற்பட்டியல் வெளியானது. பால்புதுமையர் (ஆங்கிலத்தில் க்வியர்) என்ற சொல்லை நான் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அதை ஒரு பிரிண்ட் எடுத்து டிசைனர் தம்பியின் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். "ஒம்போது" அதில் இல்லை.

இப்போது ஒன்றை யோசியுங்கள். 2023ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரே பாலினத் திருமண வழக்கு நடந்தபோது, இது "நகர்ப்புற மேட்டுக்குடிக் கண்ணோட்டம்" என்று ஒன்றிய அரசு எழுதிக்கொடுத்தது. மதுரையிலிருந்து பஸ் ஏறி ஓடிய பெண்கள் மேட்டுக்குடியா? என் கடையில் 60 கார்டுக்கு வந்து நின்றவர்கள், வீட்டு லோனை இருபது வருடம் கட்டப்போகிறவர்கள், எந்த மேடு? ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவே 1860ல் வெள்ளைக்காரன் எழுதியது. அதில் சம்மதத்தோடு நடப்பதைக் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி சொன்னது. அவன் கொண்டுவந்த சட்டத்தை "நம் பண்பாடு" என்று 150 வருடத்துக்கு மேல் சுமந்துவிட்டு, இப்போது அது போனதை "மேல்நாட்டு இறக்குமதி" என்கிறோம். 2012லேயே இந்த ஊரில் வானவில் விழா நடத்தியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரரான கோபி சங்கர், இடைப்பால் மனிதர் (ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறந்தவர்) என்பதை மறைக்காமல் 2016ல் மதுரை வடக்கில் வேட்பாளராகவே நின்றார். உங்கள் கட்சிகளும் அதே தொகுதியில்தான் நின்றீர்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பு ஒன்று என் தொழிலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஒருவர் ஒரு திருநங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். பதிவாளர் பதிவு செய்ய மாட்டேன் என்றார். 2019 ஏப்ரல் 22ஆம் தேதி நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வருகிற "மணமகள்" என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். இடைப்பால் குழந்தைகளுக்கு அவசியமில்லாமல் அறுவை சிகிச்சை செய்து ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்குவதைத் தடை செய்யச் சொன்னதும் அதே தீர்ப்புதான். அப்போதைய அதிமுக அரசு அந்த ஆகஸ்டிலேயே அதை அரசாணை ஆக்கியது. நாற்பது வருடமாக "மணமகள்" என்ற சொல்லை அச்சடிக்கிறேன், அதற்கு இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இதே நீதிபதிதான் 2025 மே மாதம் இன்னொரு நீதிபதியோடு சேர்ந்து அமர்ந்து, பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு போக அனுமதித்து, குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதினார். இதே நீதிபதிதான் 2025 டிசம்பரில் திருப்பரங்குன்றம் மலைத் தீபத்தூணில் விளக்கேற்றச் சொல்லி உத்தரவும் போட்டார். அதற்காக உங்களில் ஒரு பக்கம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினீர்கள். மறுபக்கம் அவரைப் பதவிநீக்க வேண்டும் என்று எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். தீபம் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அது இந்த மடலில் வேண்டாம். கொண்டாடியவர்கள் அவருடைய இந்த இரண்டு தீர்ப்புகளையும் கொண்டாடவில்லை. திட்டியவர்களும், இதில் மட்டும் நம் கொள்கையைத்தான் சொல்கிறார் என்று ஒரு வரி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே மனிதர். பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டீர்கள்.

ஒவ்வொரு கட்சியும் ஏதோ ஒன்று செய்திருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 2008ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது திமுக அரசு. 2015ல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அங்கே நிறைவேறி அதற்கு முன் பல பத்து வருடம் ஆகியிருந்தது. காங்கிரசும் மார்க்சிஸ்ட்டுகளும் தங்கள் அகில இந்தியத் தேர்தல் அறிக்கைகளில் ஒரே பாலின இணையருக்குச் சட்ட அங்கீகாரம் என்று எழுதினார்கள். ஒன்றிய அரசே 2024ல், இவர்கள் கூட்டாக வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் டெல்லியில் எழுதியது எதுவும் தெருமுனைக்கு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்தக் கட்சிக்காரர் என் கையில் கொடுத்த மேட்டரிலும் இதைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை.

திருநங்கைகளைப் பற்றி இப்போது மேடையில் மரியாதையாகப் பேசப் பழகிவிட்டீர்கள். நல்லதுதான். அனுப்பானடியில் பிறந்த நர்த்தகி நடராஜ் 2019ல் பத்மஸ்ரீ வாங்கியபோது ஊரே பெருமைப்பட்டது. அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, ஒரு வாரியம் இருக்கிறது, ஏப்ரல் 15 என்று ஒரு நாள் இருக்கிறது. பக்கத்து வீட்டில், பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலவே இருந்துகொண்டு, ஆணை நேசிக்கிற ஆணும் பெண்ணை நேசிக்கிற பெண்ணும் இருக்கிறார்களே, அவர்கள் விஷயத்தில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே கொள்கை: தெரியாத மாதிரி இருந்துகொள்வது. அதில் அதிசயமும் இல்லை. தன் மகள் யாரோடு வாழ வேண்டும் என்று வீட்டு ஆண்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஊர் இது. சாதி மாறிக் கட்டினாலே அரிவாளைத் தேடுகிறார்கள். பெண்ணே வேண்டாம் என்று ஒரு காலத்தில் கள்ளிப்பால் கொடுத்ததற்காக உசிலம்பட்டிப் பக்கத்தை நாடே பேசியது. அந்த அரிவாளும் இந்தக் "காணவில்லை" புகாரும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகின்றன. ஆணவக் கொலைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று உங்களில் சிலர் பேசுகிறீர்கள். அந்தச் சட்டத்தைப் பேசும்போது இந்த இரண்டு பெண்களையும் மனதில் வைத்துப் பேசுங்கள்.

கல்யாணச் சட்டம் டெல்லி விஷயம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்பீர்கள். உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17ல் திருமண உரிமை இல்லை என்று சொல்லிவிட்டதும் உண்மைதான். சீராய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டது.

எங்கள் அப்பா 1950களில் சுயமரியாதைத் திருமணப் பத்திரிகை அடித்தவர். நல்ல நேரம் போடாத பத்திரிகை. அதற்காகவே சில பழைய வாடிக்கையாளர்கள் கடை மாறிப் போனார்களாம். அந்தக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளுக்குச் சொத்து வருமா என்றே தெரியாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். 1967ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் அது சட்டமானது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டாலே போதும், அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் அதனால் செல்லுபடியாயின. அப்பா அந்த வாரம் கடையில் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாராம். ஐயர் இல்லாமல் கல்யாணமா என்று ஊர் அன்றைக்கும் சிரித்தது. ஓட்டுப் போய்விடும் என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அதே மாதிரி மாநிலத்தின் கைக்கு எட்டுகிற ஒரு வேலை இப்போதும் இருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் என்று ஒரு யோசனையைச் சமூக நலத்துறை முன்னால் வைத்தார். இரண்டு பேர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, நாங்கள் ஒரு குடும்பமாக வாழ்கிறோம் என்று பதிவு செய்துகொள்கிற ஏற்பாடு. இதைக் கல்யாணம் என்று அவர் சொல்லவில்லை. பாதுகாப்புக்கு ஒரு தாள், அவ்வளவுதான். நான் ஒரு வழக்கறிஞரிடம் கேட்கவில்லை, என் வீட்டுக்காரம்மாவிடம்தான் கேட்டேன், அந்தத் தாள் எதற்கெல்லாம் உதவும் என்று. அவள் அந்தப் பெண்களோடு இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால் "நீங்க யாரு?" என்ற கேள்விக்கு. வாடகைக்கு வீடு தேடினால் அதே கேள்விக்கு. நாளைக்கு ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டால், பதினோரு வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் தம்பிகள் வீட்டுச் சாவியைக் கேட்டு வந்து நிற்கும்போது, அதே கேள்விக்கு.

ஓட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது. அது உங்கள் தொழில். 2025ல் மட்டும் ஏப்ரலில் தமுக்கத்தில் மார்க்சிஸ்ட் மாநாடு, ஜூன் 1ல் உத்தங்குடியில் திமுக பொதுக்குழு, ஜூன் 22ல் முருக பக்தர்கள் மாநாடு, ஆகஸ்ட் 21ல் பாரப்பத்தியில் தவெக மாநாடு என்று வரிசையாக இந்த ஊருக்குத்தான் வந்தீர்கள். மதுரையில் சொன்னால் மாநிலம் கேட்கும் என்பதால்தானே வருகிறீர்கள்? ஒரே ஒரு தடவை இதையும் இங்கே நின்று சொல்லிப் பாருங்கள். விசில் வராது. அடுத்த நாள் உங்கள் பெயரைப் போட்டு மீம்ஸ் வரும். மூன்றாம் நாள் வேறு யாராவது மாட்டுவார்கள்.

தொழில் ரீதியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இனிமேல் வளையல், சேலை, ஆண்மை, அந்த ஒம்போது வகையறா மேட்டர் எதுவும் என் கடைக்கு வேண்டாம். வேறு அச்சகம் கிடைக்கும், மதுரையில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் குடும்பப் பிணைப்பு ஒப்பந்தத்தைக் கொண்டுவருவோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், எந்தக் கட்சியானாலும் முதல் ஆயிரம் நோட்டீசுக்குக் காகித விலை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். பழைய பாக்கி வைத்திருக்கிற மூன்று பேருக்கும் இந்தச் சலுகை பாக்கியைக் கட்டிய பிறகு.

கடைசியாக, பெயர். உங்கள் போஸ்டருக்கெல்லாம் கீழே பெயரும் முகவரியும் போடுகிறவன் இந்த மடலுக்குக் கீழே போடவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாலு இடத்தில் ஜாதகம் கொடுத்திருக்கிறோம், அதுதான் காரணம் என்று எழுதி வைத்திருந்தேன். புரூஃப் பார்த்தது அவள். அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "இது காரணம் இல்லப்பா, சாக்கு" என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
மாசி வீதிக்கு உள்ளே அச்சகம் வைத்திருப்பவன்,
மதுரை